500 அறை, 66,683 பங்காளர்கள்: பி.டி.எல். ஊழியம் விழுந்த கணக்கு

1984 ஜனவரி 7-ஆம் தேதி தொடங்கி அமெரிக்காவின் பல வீடுகளுக்குத் தபாலில் ஒரு விளம்பர மடல் போய்ச் சேர்ந்தது. அனுப்பியது வட கரோலினாவின் ஷார்லட் நகரிலிருந்து நடந்துவந்த பி.டி.எல். என்ற கிறிஸ்தவத் தொலைக்காட்சி ஊழியம். அதன் தலைவர் போதகர் ஜிம் பேக்கர். ஊழியத்தின் வளாகத்தில் ஒரு பெரிய ஹோட்டல் கட்டப்போகிறோம், 1,000 டாலர் காணிக்கை கொடுத்தால் ஆயுள் பங்காளர் ஆகலாம், உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் நான்கு பகல் மூன்று இரவு இலவசமாகத் தங்கலாம் என்றது மடல். எல்லோருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பதால் 25,000 பேருக்கு மேல் சேர்க்கமாட்டோம் என்ற உறுதியும் அதில் இருந்தது.

1987 மே மாத முடிவில் அந்த ஒரு ஹோட்டலுக்கு மட்டும் 66,683 ஆயுள் பங்குகள் விற்றிருந்தன. வசூல் சுமார் 6 கோடியே 69 லட்சம் டாலர்.

ஜிம் பேக்கர் வழக்கு என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தங்கமுலாம் பூசிய குழாயும் குளிர்சாதனம் வைத்த நாய்க்கூண்டும்தான். அவை உண்மை, நீதிமன்றப் பதிவில் இருப்பவை. ஆனால் ஒரு போதகர் ஆடம்பரமாக வாழ்ந்தார் என்பதற்காக மட்டும் எந்த நாட்டுச் சட்டமும் அவரைச் சிறைக்கு அனுப்பாது. பேக்கரைச் சிக்கவைத்தது அறைக் கணக்கு. பணம் எங்கே போனது என்பதைத்தான் ஆடம்பரம் காட்டியது. விசுவாசிகளின் காணிக்கை ஒரு தலைவரின் வீட்டுக்குள் எந்த வழியாகப் போகிறது என்று புரிந்துகொள்ள, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எப்படிப்பட்ட ஊழியம்

ஜிம் பேக்கரும் மனைவி டாமி ஃபேயும் பெந்தெகொஸ்தே பின்னணியிலிருந்து வந்தவர்கள். வேறு கிறிஸ்தவத் தொலைக்காட்சிகளில் வேலை பார்த்துவிட்டு 1974-இல் ஷார்லட்டுக்கு வந்தார்கள். பேட்டி, பாட்டு, ஜெபம், கண்ணீர், அதோடு காணிக்கைக்கான வேண்டுகோள் என்று நாள்தோறும் ஒரு நிகழ்ச்சி. 1978-இல் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், தென் கரோலினாவின் ஃபோர்ட் மில் ஊரில், ஹெரிடேஜ் யு.எஸ்.ஏ. என்ற வளாகம் திறந்தது. வளர்ந்து முடிந்தபோது அது சுமார் 2,300 ஏக்கர். தேவாலயம், ஸ்டூடியோ, கடைவீதி, முகாம் மைதானம், நீர் விளையாட்டுப் பூங்கா எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. 1986-இல் அங்கே வந்தவர்கள் 60 லட்சத்தை நெருங்கினார்கள். அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களில் இரண்டு டிஸ்னி பூங்காக்களுக்கு அடுத்த இடம் அதற்குத்தான் என்று அப்போது எழுதினார்கள்.

போதனை செழிப்பின் உபதேசம். தேவன் தம் பிள்ளைகள் வறுமையில் வாடுவதை விரும்பமாட்டார், விதைத்தவன் அறுப்பான், காணிக்கை கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்பது அதன் சாரம். இந்த உபதேசம் ஒரு கேள்வியை எழும்பவே விடாமல் செய்தது. போதகரின் கார், வீடு, நகை எல்லாமே அவர் சொல்வது பலிக்கிறது என்பதற்குச் சாட்சியாகிவிடுகின்றன. 'இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது' என்று கேட்க வேண்டியவர், 'எனக்கும் இப்படி ஒரு நாள் வரும்' என்று நினைத்து இன்னொரு காசோலை எழுதுகிறார்.

அந்தக் காசோலையின் கனத்தையும் பார்க்க வேண்டும். 1984-இல் அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் ஆண்டுக்குச் சுமார் 22,400 டாலர். 1,000 டாலர் என்றால் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் இரண்டு வாரத்துக்கும் மேற்பட்ட சம்பாத்தியம். ஓய்வு பெற்றவருக்கு அரசு கொடுத்த சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் அப்போது சராசரியாக மாதம் 460 டாலர் அளவில் இருந்தது. அவருக்கு அது இரண்டு மாதப் பிழைப்பு. பங்காளர்களில் முதியவர்கள் நிறைய இருந்தார்கள். ஆண்டுக்கொரு முறை ஜெபச் சூழலில் போய்த் தங்கலாம், பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்ற ஆசையில் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.

அறைக் கணக்கு

ஹெரிடேஜ் கிராண்ட் என்ற அந்த ஹோட்டல் 1984 டிசம்பரில் திறந்தது. ஏறக்குறைய 500 அறைகள். 500 அறை, 365 நாள் என்றால் ஆண்டுக்கு 1,82,500 அறை-இரவுகள். ஒரு பங்காளருக்கு மூன்று இரவு. ஓர் அறைகூடக் காலியில்லாமல், காசு கொடுத்துத் தங்கும் விருந்தினர் ஒருவரைக்கூடச் சேர்க்காமல், முழு ஹோட்டலையும் பங்காளர்களுக்கே விட்டால் ஆண்டுக்கு 60,833 பேர் தங்கலாம். அப்படி விட்டால் ஹோட்டலுக்கு வருமானமே இருக்காது. சம்பளம், மின்சாரம், சலவை எதற்கும் காசு வராது. பாதி அறையைப் பங்காளருக்கு ஒதுக்கி, பாதியை வாடகைக்கு விட்டால் சுமார் 30,400 பேர். கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பதற்குக் கொஞ்சம் கழித்தால் 25,000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மடலில் போட்ட வரம்பு பொறுப்பான வரம்புதான். அதை மதித்திருந்தால் திட்டம் தட்டுத் தடுமாறியாவது ஓடியிருக்கும்.

66,683 பேருக்கு மூன்று இரவு என்றால் 2,00,049 இரவுகள் வேண்டும். முழு ஹோட்டலையும் கொடுத்தாலும் ஆண்டுக்குப் பதினேழாயிரம் இரவுகளுக்கு மேல் குறையும். நிர்வாகத் திறமை எவ்வளவு இருந்தாலும் இந்தக் குறையை நிரப்ப முடியாது. ஐந்நூறு அறை ஆயிரம் ஆகாது.

இன்னொரு கோளாறும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த 1,000 டாலரை 10 சதவீத வட்டியில் அப்படியே போட்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு 100 டாலர் வரும். மூன்று இரவுக்குப் பிரித்தால் இரவுக்கு 33 டாலர். அன்றைய விலையில் ஓர் அறையைப் பராமரிக்க அது ஓரளவு உதவியிருக்கும். ஆனால் அதே 1,000 டாலரை வைத்துத்தான் ஹோட்டலைக் கட்டவும் வேண்டும். கட்டுமானத்துக்குப் போன பணம் வட்டி தராது. ஒரே பணத்தைக் கட்டடமாகவும் வைப்புநிதியாகவும் வைத்திருக்க முடியாது. ஆயுள் முழுவதும் என்று வாக்குக் கொடுக்கும் எந்தத் திட்டத்துக்கும், அது ஆசிரமமோ முதியோர் இல்லமோ எதுவானாலும், தனி இருப்புநிதி வேண்டும். பங்காளர் பணத்தை அப்படி ஒதுக்கி வைக்காமல், வந்த பணத்தை ஊழியத்தின் அன்றாடச் செலவிலேயே கரைத்தார்கள்.

அதற்கும் காரணம் இருந்தது. தொலைக்காட்சி ஊழியம் நிலையங்களில் ஒளிபரப்பு நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறது. செயற்கைக்கோள் செலவு இருந்தது. ஆயிரக்கணக்கில் ஊழியர்கள் இருந்தார்கள். மாதக் காணிக்கை ஏறும், இறங்கும். பில் மட்டும் இறங்காது. ஆயுள் பங்கு மொத்தப் பணத்தை ஒரே நாளில் கொண்டுவந்தது. ஒரு தடவை ருசி கண்டபின் நிறுத்த முடியவில்லை. சீட்டுக் கம்பெனி கவிழ்ந்த கதை தெரிந்தவர்களுக்கு இந்த இடம் புரியும்: போன மாதக் கடனை அடைக்க அடுத்த மாதம் புது ஆள் சேர்ந்தே ஆக வேண்டும்.

கிராண்ட் கட்டி முடியுமுன்பே, 1984 செப்டம்பரில், டவர்ஸ் என்ற இரண்டாவது ஹோட்டலுக்குப் பங்கு விற்கத் தொடங்கினார்கள். வரம்பு 30,000. விற்றது 68,755. வசூல் சுமார் 7 கோடியே 43 லட்சம் டாலர். இருபத்தொரு மாடிக் கட்டடம் வெளிச்சுவரோடு நின்றுபோனது, ஒரு விருந்தாளிகூட அதில் தங்கவில்லை. பிறகு குறைந்த விலையில் பங்க்ஹவுஸ் என்ற சிறு விடுதிகள். அவற்றில் ஒன்றுதான் முடிந்தது. தங்கும் உரிமை கொண்ட பங்குகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 1,53,000. மொத்த வசூல் குறைந்தது 15 கோடியே 80 லட்சம் டாலர் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பு சொல்கிறது.

போன இடம்

பங்காளர் பணத்தில் ஒப்பீட்டளவில் கொஞ்சமே வாக்களித்த கட்டடங்களுக்குப் போனது என்பது அதே தீர்ப்பின் கணிப்பு. மீதி அன்றாடச் செலவுக்கும், பேக்கர் குடும்பத்தின் வாழ்க்கைக்கும் போனது. குளியலறையில் தங்கமுலாம் பூசிய குழாய்கள், 570 டாலர் விலையில் ஒரு குளியல் திரைச்சீலை, தனி ஜெட் விமானப் பயணம், லிமோசின், பிள்ளைகளுக்குக் குளிர்சாதன வசதியுள்ள மரவீடு, நாய்களுக்குக் குளிர்சாதனக் கூண்டு என்று தீர்ப்பே பட்டியல் போடுகிறது.

அந்தத் திரைச்சீலையின் அருகில் கொஞ்சம் நிற்போம். 570 டாலர் என்பது ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டியின் ஒரு மாதப் பணத்தைவிட அதிகம். அவர் கொடுத்த 1,000 டாலரில் பாதிக்கு மேல், குளிக்கும்போது தண்ணீர் வெளியே தெறிக்காமலிருக்க ஒரு துணி.

1984 ஜனவரி முதல் 1987 மார்ச் வரை பேக்கர் தம்பதிக்குச் சம்பளமும் போனஸுமாகக் கிடைத்தது சுமார் 48 லட்சம் டாலர். அரசுத் தரப்பு வழக்கில் முன்வைத்த தொகை, பேக்கர் தன் சொந்த வாழ்க்கைக்குத் திருப்பிக்கொண்ட 37 லட்சம் டாலர்.

15.8 கோடியோடு ஒப்பிட்டால் இது சிறிய பங்கு என்று வாதாடியவர்கள் உண்டு. எண்ணளவில் அது சரி. ஆனாலும் இந்தப் பணம் வேறொரு வேலையைச் செய்தது. போனஸ் வாங்குகிறவருக்கு வசூல் நிற்காமல் இருக்க வேண்டும். வரம்பு வந்துவிட்டது, விற்பனையை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய ஆளே விற்பனையால் வாழ்கிறவர் என்றால், வரம்பு வெறும் காகிதம்.

கேட்டிருக்க வேண்டியவர்கள்

எச்சரிக்கை மணி 1984-க்கு வெகு முன்பே அடித்தது. வெளிநாட்டு ஊழியத்துக்கென்று தொலைக்காட்சியில் கேட்டு வாங்கிய 3 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட காணிக்கையை உள்நாட்டுச் செலவுக்குத் திருப்பினார்கள் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1979-இல் விசாரணை தொடங்கியது. 1982-இல் 4-க்கு 3 என்ற வாக்கில் அந்த விசாரணையை முடித்து, கோப்பை நீதித்துறைக்கு அனுப்பியது. நீதித்துறை வழக்குப் போடவில்லை. ஒரு காரியத்துக்கென்று வாங்கியதை இன்னொரு காரியத்துக்குச் செலவழிப்பது என்ற நோய் அப்போதே அடையாளம் தெரிந்திருந்தது. அங்கேயே நின்றிருந்தால் பின்னால் ஒன்றரை லட்சம் பங்குகள் விற்றிருக்காது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

நிறுவனத்தின் சட்டப் பெயர் ஹெரிடேஜ் வில்லேஜ் சர்ச் அண்ட் மிஷனரி ஃபெல்லோஷிப். 'சர்ச்' என்ற அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. அமெரிக்காவில் மற்றத் தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வருமான விவரத்தையும் உயர் அதிகாரிகளின் ஊதியத்தையும் 990 என்ற படிவத்தில் வெளிப்படையாகத் தாக்கல் செய்ய வேண்டும். திருச்சபைகளுக்கு விலக்கு. அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. விசுவாசி தன் போதகரின் சம்பளத்தைத் தெரிந்துகொள்ளச் சட்டப்படி ஒரு வழியும் இல்லை.

உள்ளே நிர்வாகக் குழு இருந்தது. தலைவரே தேர்ந்தெடுத்த குழு. உயர்மட்டச் சம்பளக் கணக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு ஊழியர்களுக்கே தெரியாமல் தனியே, வெளித் தணிக்கை நிறுவனத்தின் கையில் இருந்தது. தணிக்கை செய்கிறவரே ரகசியச் சம்பளக் காசோலையையும் பார்த்துக்கொண்டால் அங்கே யார் யாரைக் கேள்வி கேட்பது?

மறைக்கும் முறைக்கு ஓர் உதாரணம் போதும். பேக்கருக்கும் ஒரு சபைச் செயலராக இருந்த பெண்ணுக்கும் 1980-இல் நடந்ததை வெளியே சொல்லாமலிருக்க 2,65,000 டாலர் ஏற்பாடானது. பணத்தை முதலில் கொடுத்தவர் வளாகத்தின் கட்டட ஒப்பந்தக்காரர். அவர் அதைத் திறந்தவெளி அரங்கின் கட்டுமான பில்லில் சேர்த்து ஊழியத்திடம் வாங்கிக்கொண்டார். இயேசுவின் பாடுகளை நாடகமாகக் காட்டும் அரங்கு அது. செங்கல், சிமென்ட் என்று நினைத்துக் கொடுத்த காணிக்கை ஒருவரின் வாயை அடைக்கப் போனது.

விழுந்தது

1987 மார்ச் 19-இல் பேக்கர் பதவி விலகினார். இந்த விவகாரத்தை விடாமல் தோண்டிய ஷார்லட் அப்சர்வர் நாளிதழுக்கு 1988-இல் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. பேக்கர் விலகியதும் பொறுப்பேற்ற இன்னொரு தொலைக்காட்சிப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் கணக்கைத் திறந்து பார்த்தபோது கடன் சுமார் 7 கோடி டாலர். ஜூன் மாதம் திவால் மனு போனது. வரி விலக்கு 1988-இல் ரத்தானது.

1988 டிசம்பரில் 24 குற்றச்சாட்டுகள் பதிவாயின: தபால் வழி மோசடி 8, தொலைத்தொடர்பு வழி மோசடி 15, சதி 1. இந்தப் பகுப்பில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. விளம்பர மடல் தபாலில் போனதால் தபால் மோசடி. நிகழ்ச்சி மாநில எல்லை தாண்டி ஒளிபரப்பானதால் தொலைத்தொடர்பு மோசடி. கேமரா முன்னால் 'இன்னும் கொஞ்சம் இடமே இருக்கிறது' என்று சொன்னதெல்லாம் நாடாவில் பதிவாகி இருந்தது. அந்தந்தத் தேதியில் எத்தனை பங்கு விற்றிருந்தது என்ற எண் அலுவலகப் பதிவேட்டில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும். மதத்தைப் பற்றி ஜூரி எதுவும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை.

விசாரணை 1989 ஆகஸ்ட் இறுதியில் ஷார்லட்டில் தொடங்கியது. இடையில் பேக்கர் மனநிலை குலைந்து மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார், தகுதியானவர் என்று திரும்பினார். பின்னர் ஹூகோ சூறாவளி அந்த ஊரையே அடித்துப் போட்டது. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ரிச்சர்ட் டோர்ட்ச் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியானார். அறை கேட்டுக் கேட்டு ஏமாந்த பங்காளர்கள் கூண்டில் ஏறினார்கள். எதிர்த்தரப்பிலும் பங்காளர்களே வந்தார்கள்: எங்களுக்குக் குறையில்லை, நாங்கள் தேவனுக்குக் கொடுத்தோம் என்றார்கள். இவர்களை ஏமாளிகள் என்று தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. கொடுத்தது வீண் என்று ஒப்புக்கொண்டால் போவது ஆயிரம் டாலர் மட்டுமல்ல. ஜெபித்த இரவுகள், திரை முன்னால் அழுத அழுகை எல்லாம் சேர்ந்து போகும்.

அக்டோபர் 5-இல் 24 குற்றங்களும் நிரூபணமாயின. 45 ஆண்டு சிறை, 5 லட்சம் டாலர் அபராதம். 1991 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை உறுதி செய்து, தண்டனையை மட்டும் ரத்து செய்தது. தண்டனை சொல்லும்போது நீதிபதி தன் சொந்த மத உணர்வைக் கலந்து பேசிவிட்டார் என்பது காரணம். மறுதண்டனை 18 ஆண்டு, பிறகு 8 ஆகக் குறைந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டு உள்ளே இருந்துவிட்டு 1994-இல் வெளியே வந்தார்.

செழிப்பின் உபதேசம் தவறு என்று அவர் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் 2003 முதல் மிசௌரி மாநிலத்திலிருந்து மீண்டும் நிகழ்ச்சி நடத்தினார், பேரழிவுக் காலத்துக்கென்று வாளி வாளியாக உலர் உணவு விற்றார். 2020-இல் கொரோனாவைக் குணமாக்கும் என்ற தொனியில் வெள்ளிக் கரைசல் விற்றதற்காக மிசௌரி அரசு வழக்குத் தொடுத்தது. வாங்கியவர்களுக்குத் திருப்பித்தர 1,56,000 டாலருக்கு 2021-இல் சமரசம் ஆனது.

சட்டம் எட்டாத இடம்

பி.டி.எல். கவிழ்ந்த பிறகும் கணக்குக் காட்டும் விதி மாறவில்லை. 2007-இல் செனட்டர் சார்லஸ் கிராஸ்லி, ஜெட் விமானமும் மாளிகையுமாக வாழ்ந்த ஆறு தொலைக்காட்சி ஊழியங்களிடம் கணக்குக் கேட்டார். சிலர் கொடுத்தார்கள், சிலர் மறுத்தார்கள். 2011 ஜனவரியில் அறிக்கையோடு முடிந்தது, தண்டனை யாருக்கும் இல்லை. 2015-இல் கிரெஃப்லோ டாலர் என்ற போதகரின் ஊழியம் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் ஒன்றை வாங்க 2 லட்சம் பேர் தலைக்கு 300 டாலர் தர வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டது. 6 கோடி டாலர். பேக்கர் அறை தருவதாகச் சொல்லி வாங்கினார், அதனால் அளந்து பார்க்க ஒன்று இருந்தது. ஜெட்டுக்கென்று கேட்டு ஜெட்டையே வாங்கினால் மோசடிச் சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. கொடுக்கிறவர் தானாகக் கேட்டால் ஒழிய அந்தக் கணக்கைக் கேட்க ஆளில்லை.

அப்படிக் கேட்க நினைப்பவருக்கு பி.டி.எல். காட்டித்தரும் இடங்கள் சில. குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கும் பணம் தனி வங்கிக் கணக்கில் நிற்கிறதா? இதுவரை எத்தனை பேரிடம் வாங்கினார்கள், எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? தலைவரின் ஊதியத்தை முடிவு செய்கிறவர்களில் அவருடைய உறவினரோ அவரிடம் சம்பளம் வாங்குகிறவரோ இல்லாத ஆள் யார்? கட்டடம் எழும் வேகமும் வசூலாகும் வேகமும் பொருந்துகின்றனவா? டவர்ஸ் விஷயத்தில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த ஆவணமும் தேவைப்பட்டிருக்காது. வளாகத்துக்குள் நுழைந்த எவருக்கும் அரைகுறைக் கட்டடம் கண்ணுக்கு நேரே நின்றது.

பணத்தைத் திரும்பக் கேட்டுப் பங்காளர்கள் போட்ட கூட்டு வழக்கு குற்ற வழக்கைவிட நீண்டது. 1990-இல் ஜூரி கிட்டத்தட்ட 13 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அந்தப் பணம் எடுக்கும் இடத்தில் இல்லை. வளாகம் திவால் விற்பனையில் கைமாறியது, மலேசிய முதலீடும் அதில் வந்தது. பிறகு துண்டு துண்டாகப் பிரிந்தது. 2003-இல் ஒரு வழியாக மிச்சமிருந்த தொகையைப் பங்கிட்டார்கள். வழக்கறிஞர் கட்டணம் போக, சுமார் 1,65,000 பேருக்குத் தலைக்கு ஒரு காசோலை போனது. 1984-இல் 1,000 டாலர் கொடுத்தவருக்கு, மடலில் சொன்னபடி நடந்திருந்தால், அதற்குள் சுமார் அறுபது இரவு அந்த ஹோட்டலில் கழிந்திருக்கும். காசோலையில் இருந்த தொகை 6 டாலர் 54 சென்ட்.